திருத்தங்கலுக்கு விற்கப் போன வண்டி

ஒரு லட்சத்து எட்டாயிரம் கிலோமீட்டர் என்னைச் சுமந்த பைக். அதை விற்கத்தான் போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து திருத்தங்கலுக்குக் கிளம்பினோம். டிசம்பர் கடைசியிலிருந்து கியர் விழுவதே பெரும்பாடு. மெக்கானிக்கிடம் விட்டு ஆயிலை மாற்றினேன், செயினைச் சரிசெய்தேன், ஒன்றும் மசியவில்லை. "இதுல ஏறுறது இதான் கடைசி" என்று சொல்லித்தான் என் மனைவி செல்வி ஏறினாள். திருத்தங்கலில் அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் தம்பி மாரி, வாங்க ஆளே பிடித்துவிட்டான். எனக்கோ கொடுக்க மனசே இல்லை.

ஆறு மணிக்குக் கிளம்பி ஐம்பது கிலோமீட்டர், ஏழேகாலுக்கு விருதுநகர். எண்ணெய் பரோட்டாவுக்கு ஆசைப்பட்டுக் காலையில் போகாதீர்கள், அது சாயங்காலச் சரக்கு. இட்லி, இரண்டு பேருக்கு நூறு ரூபாய்.

திருத்தங்கலில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நியூட்ரல் விழாமல், கிளட்சை முழுசாகப் பிடித்தபடி நின்றேன். அப்படியும் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒங்கள விட வண்டிக்கு அவசரம் போல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோளாறு கியரில் இல்லை, கிளட்ச் முழுசாக விடுபடவில்லை!

மாரி வீட்டு வாசலில் வாங்க வந்தவர் காத்திருந்தார், மளிகைக்கடைக்காரர். "வாங்க அத்தான், சாப்பிட்டீகளா" என்ற மாரிக்குப் பதில்கூடச் சொல்லாமல் கிளட்ச் கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஹேண்டிலோடு கேபிளை இறுக்கிப் பிடித்திருந்தது ஒரு நீலப் பிளாஸ்டிக் பட்டை. அச்சகத்தில் கேலண்டர் கட்டுகிற பட்டை. அந்த இடத்தில் கேபிள் மடங்கிப்போயிருந்தது.

"ஏலே, இது யாரு கட்டுனது?" என்றாள் செல்வி.

"நாந்தான்க்கா. அத்தான் கடைக்குக் கேலண்டர் லோடு கட்டயில கேபிள் கயித்துல மாட்டுச்சு. ஒதுக்கிக் கட்டுனேன்."

டிசம்பரில் நான் கேலண்டர் எடுக்க வந்தபோது கட்டியது. வீட்டுக்குப் போனதும் கேலண்டரை இறக்கினேன், பட்டையைக் கவனிக்கவில்லை. இரண்டு மாதமாக ஒரு பாவமும் அறியாத மெக்கானிக்கைத் திட்டியிருக்கிறேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பட்டையை வெட்டி, சிவகாசி ரோட்டில் முந்நூறு ரூபாய்க்குப் புதுக் கேபிள் போட்டோம். கியர் வெண்ணெயாக விழுந்தது. மளிகைக்கடைக்காரர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். "ஆயிரம் ரூவா கூடவே தாறேன்."

செல்வியைப் பார்த்தேன்.

"ஓடாத வண்டியத்தான அண்ணாச்சி குடுக்கிறதா இருந்தோம்" என்றாள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: கிளட்ச் பிடித்தும் வண்டி நகர்ந்தால், எஞ்சினைப் பிரிக்கும் முன் கேபிளைப் பாருங்கள். லிவர் நுனியில் ஒரு விரல் அகலம் ஆட்டம் இருக்கட்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், கேபிள் எங்கும் இழுபடக் கூடாது.

கிளம்பும்போது மாரி, அச்சகத்தில் மிச்சமிருந்த டைரிக் கட்டோடும் கையில் பட்டையோடும் வந்தான். செல்வி அதற்குள் பின்சீட்டில் ஏறியிருந்தாள்.

"நீ ஒண்ணும் கட்டாதலே. இங்கன குடு, மடியில வச்சுக்கிறேன்."