இரண்டு சூளைகளும் ஸ்டெல்லாவும்

திட்டக்குடியிலிருந்து வேலைக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. "ஸ்டெல்லா போயிட்டாங்கம்மா" என்றார் எங்கள் பீங்கான் தொழிற்சாலையின் மேஸ்திரி. மஞ்சள் காமாலை. சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடியும் சொல்லவைத்தேன்.

அவள் நல்லவள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நல்லவள்தான். ஆனால் கம்ப்யூட்டர் அறையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பொறாமையில் வெந்தவள் நான். என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் சிறியவள்.

சூளைகளுக்காக ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். திரையில் ஒரு பட்டையை இழுத்துச் சூளைக்கு எத்தனை டிகிரி வெப்பம் வேண்டும் என்று குறிக்கலாம். பட்டனை அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சூடேற்றுவது என்ற வரைபடம் வரும். இழுக்கும்போது ஓடுவது ஒரு ஃபங்ஷன், அதாவது அந்த வேலைக்கான கட்டளைத் தொகுப்பு; அழுத்தும்போது ஓடுவது வேறொன்று. முதலாவதற்குத் தெரிந்த வெப்ப எண் இரண்டாவதற்குத் தெரியாது. அதனால் அந்த எண்ணை எல்லா ஃபங்ஷனும் பார்க்கும்படி பொதுவான ஒரே வேரியபிளில், எண்ணைப் போட்டுவைக்கும் ஒரே பெட்டியில் என்று வைத்துக்கொள்ளுங்கள், வைத்தேன். அழகாக ஓடியது. முதலாளி பாராட்டினார்.

ஒருநாள் மேஸ்திரி பொம்மைச் சூளைக்கு ஒரு விண்டோவும், மின்கம்பங்களில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களைச் சுடும் சூளைக்கு இன்னொன்றும் திறந்துவைத்தார். இன்சுலேட்டருக்கு வேண்டிய அவ்வளவு சூடு பொம்மைகளுக்கு ஆகாது. பொம்மைச் சூளையின் விண்டோவில் வந்த வரைபடத்தைப் பார்த்து அதன் சூட்டை ஏற்றப் போனவரை ஸ்டெல்லா ஓடிப்போய்த் தடுத்தாள்.

"கை வெக்காதீங்கண்ணே! அது இன்சுலேட்டரோட சூடு. அக்கா ரெண்டு விண்டோவோட எண்ணையும் ஒரே எடத்துல வெச்சிருக்காங்க, கடைசியா போட்டதுதான் ரெண்டுலயும் வருது."

முதலாளிக்கு எதிரிலேயே சொன்னாள். ஒரு சூளை பொம்மைகள் தப்பின. மதியத்துக்குள் என் ப்ரோக்ராமைத் திருத்தியும் விட்டாள். "அந்தந்த விண்டோவோட சேதிய அந்தந்த விண்டோவே வெச்சிக்கட்டும். எந்த ஃபங்ஷனுக்கு வேணுமோ, அது அந்த விண்டோவையே கேட்டுக்கட்டும்." அவ்வளவுதான் அவள் செய்தது. எனக்குத் தோன்றாமல் போனதே என்று அன்று சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு எந்தச் சந்தேகத்துக்கும் முதலாளி அவளைத்தான் கூப்பிட்டார். நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எம்மேல கோவமாக்கா?"

"எனக்கென்ன கோவம்?"

"இருந்தாலும் பரவாயில்லக்கா. நீங்க கோவத்துல எழுதற ப்ரோக்ராமுதான் ஒழுங்கா ஓடுது." சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை வரவழைத்ததற்கும் சேர்த்து அவள்மேல் எரிச்சல்பட்டேன்.

ஸ்டெல்லாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது முதலாளி சொன்னார்: "இனிமே எல்லாத்தையும் நீதாம்மா பாத்துக்கணும்." இத்தனை ஆண்டுகளாக நான் ஏங்கிய சொல். இப்படிக் கேட்க நான் ஏங்கவில்லை.

புதிதாகக் கட்டும் மூன்றாவது சூளைக்கு இப்போது நான் மட்டும் எழுதுகிறேன். ஸ்டெல்லா எழுதியிருந்தால் இதில் பாதி வரிகளே போதுமானதாக இருந்திருக்கும் என்று வரிக்கு வரி தோன்றுகிறது. மண்ணுக்குள் போன பிறகும் அவள்மேல் பொறாமைப்படுகிறேன். அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அதுதான். அதை விட்டுவிடு என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.