புதன்கிழமைக்கு ஒரு சித்தி

ஆறாம் வகுப்பில் எனக்கு இருந்த பெரிய குறை, எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான்.

அந்த வருடம் எங்கள் மாநகராட்சிப் பள்ளிக்கு ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து அக்கா ஒருவர் வர ஆரம்பித்திருந்தார். வாரத்தில் ஒரே நாள், புதன்கிழமை. கிழிந்த வலையும் காற்றுப்போன பந்துகளும் கிடந்த விளையாட்டு அறையை ஒழித்து, கோரைப்பாய் விரித்து, புது மின்விசிறி மாட்டிக் கொடுத்தார்கள். உள்ளே கேரம் போர்டு, கலர் பென்சில், சாய்ந்துகொள்ளத் தலையணை எல்லாம் உண்டு. மனசு கஷ்டமாக இருக்கிற பிள்ளைகள் ஒரு சீட்டில் பெயரை எழுதி வராந்தாவிலுள்ள பச்சைப் பெட்டியில் போடலாம், அக்கா கூப்பிட்டுப் பேசுவார் என்று பிரேயரில் தலைமையாசிரியை அறிவித்தார்.

எங்கள் வகுப்பிலிருந்து முதலில் போனவள் அப்பா இல்லாத பெண். ஒரு பீரியட் முழுக்க உள்ளே இருந்துவிட்டு, கையில் ஒரு ஓவியத்துடன் முகம் கழுவியது போலத் திரும்பி வந்தாள். அது கணக்குப் பீரியட் வேறு. எனக்கு வயிறு எரிந்தது. எனக்கோ அப்பா இருந்தார், பெயின்டர், குடிப்பழக்கம் இல்லை. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் தரைத்தளத்தில் வீடு இருந்தது. அம்மாவும் இருந்தாள். இத்தனையும் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சீட்டு போடுவது?

அம்மா படுத்தே இருந்தாள், வாஸ்தவம்தான். எங்கள் வீட்டுப் பின்ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஆற்றோரத்தில் பெரியம்மாவின் குடிசை இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் ஜன்னல் வழியாகவே குழம்புக் கிண்ணத்தை நீட்டிக்கொள்வார்கள். நாள் முழுக்க ஓயாத பேச்சு. சர்க்கார் ஆற்றோரத்து வீடுகளை இடித்து எடுத்தபோது பெரியம்மா குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அம்மா அந்த ஜன்னலைச் சாத்தினாள். பிறகு அடையாறில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு வீடுகளுக்கும் போவதை நிறுத்தினாள். பிறகு படுத்தாள். காத்து கருப்பு பட்டிருக்கும் என்று அப்பா மந்திரித்த கயிறு வாங்கிவந்து கட்டினார். கயிறு கையோடு இருந்தது, அம்மா பாயோடு இருந்தாள். இதையெல்லாம் ஒரு குறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெயில் அடிக்கிறது என்றா சீட்டு எழுதிப் போடுவார்கள்?

ஆகவே ஒரு குறையைத் தயார் செய்தேன். பக்கத்து வீட்டு அத்தை சாயங்காலம் தொடங்கி வரிசையாகச் சீரியல் பார்ப்பார். அங்கே கொட்டிக் கிடந்த கஷ்டங்களில் கண்ணீர் அதிகம் வரக்கூடியதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு சீட்டு போட்டேன். அடுத்த புதன்கிழமையே அழைப்பு வந்தது.

அக்கா பாயில் எனக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இங்கே பேசியது இங்கேயே இருக்கும், யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே சொல்வேன் என்றார். நான் தலையணையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பெற்ற அம்மா மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தில் காணாமல் போய்விட்டாள் என்றும், இப்போது வீட்டில் இருப்பது சித்தி என்றும் வாய் கூசாமல் அளந்தேன். அக்கா அந்த நாற்பது நிமிடமும் என் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அப்படி யாரும் என்னைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அதற்கு ஆசைப்பட்டுத்தான் மறு வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன்.

மூன்றாவது வாரம் அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

“சித்தி காலையில என்ன சமைப்பாங்க?”

சீரியல் சித்திகள் மாடிப்படி இறங்குவார்கள், சதி செய்வார்கள். ஒருத்தி உப்புமா கிண்டியதாகக்கூட எனக்கு நினைவில்லை. அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

“சமைக்க மாட்டாங்கக்கா. நான்தான் பால் வாங்கினு வந்து டீ போடுவேன். அப்பா அத்த குடிச்சிட்டு வேலைக்குப் போயிடுவாரு. சித்திக்கு டம்ளர்ல ஊத்தி தலமாட்டுல வெச்சிட்டு வருவேன். சாயங்காலம் போய்ப் பாத்தா ஆடை கட்டிக்கினு அப்படியே கீது.”

எப்போதிலிருந்து என்று கேட்டார். பெரியம்மா வீட்டை எடுத்ததிலிருந்து என்றேன். தலை யார் பின்னிவிடுகிறார்கள் என்று கேட்டார். நானே பின்னிக்கொள்வேன் என்றேன். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது கதை சப்பென்று போய்விட்டது எனக்கே தெரிந்தது. டீயும் டம்ளருமாக ஒரு கஷ்டமா? ஒப்பேற்றுவதற்காக, சித்தியின் இடுப்பில் ஒரு ரகசியச் சாவிக்கொத்து இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டேன். அக்கா சாவிக்கொத்தைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

கேட்டது வேறு. அடுத்த புதன்கிழமை சித்தியை வீட்டில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். தலைமையாசிரியையிடமும் சொல்லிவிட்டாராம். புளுகு வெளியே தெரிந்தால் அந்த அறையில் எனக்கு இனி இடம் கிடையாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் இருக்க வேறு யாரும் இல்லை. வேண்டாம் என்றால் சந்தேகம் வரும் என்று தலையாட்டிவைத்தேன்.

ஆறு நாள் மென்று விழுங்கினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேறு வழி இல்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மாவின் முதுகிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நாளைக்கு ஒரு அக்கா வருவார், அவர் போகிறவரைக்கும் நீ எனக்குச் சித்தியாக இருக்கவேண்டும் என்று கெஞ்சினேன். கொஞ்ச நேரம் கழித்து முதுகு குலுங்கியது. அழவைத்துவிட்டேன் என்று பயந்து எட்டிப் பார்த்தால், அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதம் கழித்து.

“என்னியவே சித்தி ஆக்கிட்டியாடி? அப்போ உங்கம்மா இன்னா ஆனா?”

“அறுபத்துமூவர் கூட்டத்துல காணாமப் பூட்டாங்க.”

அம்மா யோசித்தாள். “அந்தக் கூட்டத்துல காணாமப் போவலாம்தான்,” என்றாள்.

மறுநாள் நான் பள்ளிக்குக் கிளம்பும்போதே அம்மா எழுந்துவிட்டிருந்தாள். தலைக்குக் குளித்து, வீட்டைப் பெருக்கி, பீரோவிலிருந்த நீலப் புடவையைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். சித்தி என்றால் லிப்ஸ்டிக் போடவேண்டுமா என்று என்னிடம் யோசனை வேறு கேட்டாள். வேண்டாம், முறைத்தால் போதும் என்றேன்.

சாயங்காலம் அக்காவை அழைத்துக்கொண்டு வந்தேன். அம்மா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “நான்தான் இதுக்கு சித்தி,” என்றாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே முறைக்கவும் முறைத்தாள். அக்கா முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. வணக்கம் சொல்லி, எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்று எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“இவளோட அம்மா எப்ப காணாமப் போனாங்க?” என்று கேட்டார் அக்கா.

இதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன். அம்மா சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தாள்.

“அந்த ஜன்னலுக்கு அந்தாண்ட அவ அக்கா வூடு இருந்துச்சு மேடம். வூட்ட எடுத்த அன்னிக்கு சாமான லாரில ஏத்திவுட்டுட்டு உள்ள வந்து படுத்தா. அத்தோட அவளக் காணோம். நானும் தேடிப் பாத்துட்டேன். கெடைக்கல.”

அறுபத்துமூவரை அம்மா மறந்துவிட்டாளே என்று எனக்குப் பதறியது. அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

“அவங்க திரும்பி வரணும்னு உங்களுக்கு இருக்கா?”

“இதுக்காவது வரணும் மேடம். இது தலையப் பாருங்க. வகிடு எப்படி கோணலா கீது.”

அதைச் சொன்னதும் அம்மாவின் முகம் உடைந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பெரியம்மா லாரியில் ஏறியபோதுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. அக்கா மெதுவாக நகர்ந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தேடினால் கிடைப்பாங்க, தேடறதுக்கு நாங்களும் கூட வர்றோம் என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, ஒரு பால் பாக்கெட் வாங்கி வருகிறாயா என்று கேட்டார்.

கடைக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என்ன நடிப்பு! எந்தச் சீரியலிலும் ஒரு சித்தி, காணாமல் போனவளுக்காக இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அக்கா போன பிறகு அம்மாவிடம் சொன்னேன், சூப்பராக நடித்தாய், கடைசியில் அந்த அழுகைதான் டாப் என்று. அம்மா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, என் பின்னலை அவிழ்த்து, வகிட்டை நேராக எடுத்துத் திரும்பப் பின்னிவிட்டாள்.

அதற்குப் பிறகு அம்மாவை அடையாறில் அக்காவின் நிறுவனத்துக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். என் பொண்டாட்டிக்கு என்ன பைத்தியமா என்று அப்பா குதித்தார். ஒருநாள் வேலைத்தளத்திலிருந்து நேரே பெயின்ட் கறையோடு வந்து அக்காவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவர், பிறகு குதிக்கவில்லை. மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி பெரியம்மா வீட்டுக்குப் போனோம். எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது சீரியல். சில நாள் டம்ளரில் ஆடை கட்டித்தான் கிடந்தது. ஆனால் ஒரு நாள் நான் கண் விழித்தபோது என் தலைமாட்டில் டம்ளர் இருந்தது. டீ சூடாக இருந்தது. பின்ஜன்னல் திறந்திருந்து, ஆற்று நாற்றம் வீடு முழுக்க அடித்தது.

இதில் எனக்கு ஒரு சங்கடம் பாக்கி இருந்தது. அக்காவின் நோட்டில் நான் இன்னும் சித்தியிடம் வளரும் பிள்ளை. முழுப் பரீட்சை முடிந்து பள்ளி அடைப்பதற்குள் இந்தக் கதையை எப்படியாவது முடித்தாகவேண்டும். கடைசிப் புதன்கிழமை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையோடு அந்தப் பாயில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா கெடச்சிட்டாங்கக்கா,” என்றேன். “சித்திய அனுப்பிட்டோம்.”

அக்கா என் வகிட்டைப் பார்த்தார். “நெஜமாவா?” என்று கேட்டார். சாமி சத்தியமாக என்று தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தேன். அவர் நோட்டைத் திறந்து நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவு படித்துவிட்டு, யார் எதைச் சொன்னாலும் இப்படி நம்புகிறாரே என்று எனக்கு அக்காவை நினைத்துப் பாவமாக இருந்தது.