சும்மா இருந்த நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் நடந்தது இது. நடந்தது கவரைப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில். ஆனால் என் மானம் போனது கும்மிடிப்பூண்டி பஜாரில்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்த காரியத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நேரம் அளப்பவன் நான். கையில் ஸ்டாப்வாட்ச், கிளிப் போட்ட அட்டை. ஒரு ஆள் பாகத்தைக் கையில் எடுக்க எத்தனை நொடி, திருப்ப எத்தனை நொடி, முதுகைச் சொறிந்துகொள்ள எத்தனை நொடி என்று எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் இரண்டு பத்தியில் அடைப்பேன். ஒன்று 'வேலை', இன்னொன்று 'சும்மா'. அந்த 'சும்மா' பத்தியைக் குறைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் வருவது தெரிந்தால், கீழே போல்ட் எதுவும் கிடக்காவிட்டாலும் குனிந்து எடுக்கிற மாதிரி பாவனை செய்கிறவர்கள் எங்கள் ஷெட்டில் உண்டு. பதினெட்டு வருடப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தோசை கல்லில் கிடக்கும் நேரத்தை ஒருநாள் அளந்து சொன்னேன். மனைவி கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

அவள் பொன்னேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அந்தக் கோடையில் தொடர்ந்து நைட் டியூட்டி போட்டுவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு வந்து படுப்பாள். பதினோரு மணிக்கெல்லாம் மாடியறையில் தளம் காய்ந்து அனல் இறங்கும். ஃபேன் அந்த அனலையே சுற்றிச் சுற்றி அடிக்கும். ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. ஒருநாள் சாம்பாரில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டாள். சாம்பார் போகட்டும், இதே கைதானே அங்கே நோயாளிக்கு மருந்தை அளந்து ஊசி போடுகிறது என்று நினைத்தபோது எனக்குப் பகீரென்றது. அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. மறுநாளே கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு கடையில் ஏசி வாங்கிவிட்டோம்.

எனக்கு வார விடுமுறையான நாளில் மாட்ட வந்தார்கள். பெட்டிகளைத் தூக்கி வந்த இரண்டு பேர் மாடியில் இறக்கிவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். மெக்கானிக் மட்டும் தங்கினார். ஆரணிப் பக்கத்து ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவர். நான் நிலைப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஸ்டாப்வாட்ச் தானாகவே கைக்கு வந்துவிட்டது.

ஆரம்பத்தில் அசந்துதான் போனேன். சுவரில் துளை போட்டார், தண்ணீர் வெளியே வடிய வேண்டும் என்று லேசாகச் சரித்துப் போட்டார். உள்பெட்டியை மாட்டினார். வெளிப்பெட்டியை மொட்டைமாடியில் ஸ்டாண்டில் உட்கார வைத்தார். இரண்டையும் செம்புக் குழாயால் இணைத்தார். ஒரு அசைவுகூட வீணில்லை. எங்கள் கம்பெனியில் இப்படிப் பத்துப் பேர் கிடைத்தால் எனக்கு வேலையே இருக்காது என்று மனதுக்குள் பாராட்டினேன்.

அப்புறம்தான் அவர் உட்கார்ந்தார். குழாயில் ஒரு சின்ன பம்ப்பையும், கடிகாரம் போன்ற ஒரு மீட்டரையும் பொருத்தி, பம்ப்பை ஓடவிட்டு, அதன் எதிரே வெயிலில் குத்துக்காலிட்டுவிட்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. இருபத்தைந்தாவது நிமிடம் பம்ப்பை நிறுத்தினார். வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். அவர் எழவில்லை. இப்போது சத்தம்கூட இல்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஊசி நிக்குதான்னு பாக்கறேன் சார்."

"நிக்குதே."

"இப்ப நிக்குது. நின்னுக்கினே இருக்கணும்."

குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் உறிஞ்சிவிட்டதாம். இணைப்பு சரியாக இருந்தால் ஊசி அசையாதாம். எங்காவது காற்றுப் புகுந்தால் மெல்ல ஏறுமாம். இதை அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காதில் ஏறவில்லை. உள்ளே ஹாலில் என் மனைவி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு புரண்டுகொண்டிருந்தாள். இங்கே ஒரு மனிதர் ஊசியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேலும் இருபத்தேழு நிமிடம் போனது. அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. ஊசி ஒரு முடி அளவு ஏறிக்கீது, எங்கியோ காத்து புடிக்குது, பைப்பை அவுத்து முனையைத் திரும்ப விரிச்சு அடிக்கணும் என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். முடியும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை. மெஷின் சூடாகிவிட்டது, எண்ணெய் காயட்டும், பெல்ட் பழகட்டும் என்று பதினெட்டு வருடமாக நான் கேட்காத சாக்கா? உடனே கடைக்குப் போன் போட்டேன். வேறு ஆளை அனுப்புங்கள், இவர் பொழுதைப் போக்குகிறார் என்று அவர் காதுபடவே சொன்னேன். அவர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"யாரு வந்தாலும் அந்த ஜாயிண்ட்டை மட்டும் அவுத்துப் பாக்கச் சொல்லுங்க சார்."

நான் சொல்லவில்லை.

அடுத்து வந்தவர் காதில் போனோடு வந்து, காதில் போனோடு வேலை செய்து, காதில் போனோடு போனார். ஏதோ ஒரு வால்வைத் திருகினார், புஸ்ஸென்று சத்தம் வந்தது, இறுக்கினார், ரிமோட்டை அழுத்தினார். சில்லென்று காற்று. மொத்தம் பதினெட்டு நிமிடம். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பத்து நிமிடத்தில் என் மனைவி குறட்டை விட்டுத் தூங்கினாள். அந்தக் குறட்டையைக் கேட்டதில் எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பெருமை வந்தால் சும்மா இருக்கிற ஆளா நான்? அன்று சாயங்காலமே கணினியில் ஒரு அட்டவணை தயாரித்தேன். முதல் மெக்கானிக், இரண்டாம் மெக்கானிக், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம். 'சும்மா இருந்த நேரம்: ஐம்பத்திரண்டு நிமிடம்' என்பதற்குச் சிவப்பு வண்ணம். ஒரு ஏசியை நாற்பது நிமிடத்துக்குள் மாட்டிவிடலாம் என்று கீழே பரிந்துரை. பழக்கதோஷத்தில் என் பெயர், பதவி, கையெழுத்து. கடைக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். கும்பிடும் கைகள் நாலைந்து திரும்பி வந்தன.

ஐந்தாவது நாள் மத்தியானம் தொழிற்சாலைக்குப் போன் வந்தது. மனைவிதான். ஏசி ஓடுகிறது, குளிரவில்லை, வெளியே குழாயில் ஐஸ் கட்டியிருக்கிறது என்றாள். கடைக்குப் போன் போட்டால், ஆள் இல்லை சார், எல்லாரும் கம்ப்ளெய்ண்ட்டுல போயிருக்காங்க என்றார்கள். மறுநாளும் அதே பதில். மூன்றாவது நாள் ஷிஃப்ட் முடிந்ததும் நேரிலேயே போய்விட்டேன்.

கடைக்குள் ஏழெட்டுப் பேர் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது அவர்களை அல்ல, சுவரை. கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில், சாமியைவிடக் கொஞ்சம் உயரத்தில், என் அட்டவணை. பெரிதாக்கி, லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். என் பெயர் வாசலில் இருந்தே படிக்க முடிந்தது.

நழுவிவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் கடைக்காரர் பார்த்துவிட்டார். சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்கவோ என்னவோ, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து எல்லோருக்கும் அறிமுகம் செய்தார்.

"இவருதான் அந்த சார்ட்டு போட்டுக் குடுத்தவரு. அப்புறம்தான் நம்ம பசங்க நாப்பது நிமிஷத்துல முடிக்கறானுங்க."

அங்கே நின்ற அத்தனை பேர் வீட்டு ஏசியும் அந்த ஒரு வாரத்தில் மாட்டியது. அத்தனையும் குளிரவில்லை. மீஞ்சூரில் இருந்து வந்திருந்த ஒரு அம்மா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"நீதானா அது? ஏசி ரூமுல உக்காந்து விசிறிக்கினு இருக்கோம் நைனா."

முதலில் வந்த மெக்கானிக் எங்கே என்று கேட்டேன். அவரை ஏசி மாட்டும் வேலையில் இருந்து எடுத்துவிட்டதாகக் கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். ஐம்பத்திரண்டு நிமிடம் சும்மா இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம். பின்னால் குடோனில் ஃப்ரிட்ஜ் இறக்கும் வேலை. மாத முடிவில் அதுவும் இருக்காது.

பின்பக்கம் போனேன். அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"ஊட்டுல அம்மாவுக்குத் தூக்கம் வருதா சார்?"

அன்று பட்ட வெட்கம் அதற்கு முன்பும் பட்டதில்லை, அதற்குப் பின்பும் பட்டதில்லை. வெயிலில் உட்கார்ந்திருந்த அந்த ஐம்பத்திரண்டு நிமிடமும் அவர் உள்ளே புரண்டுகொண்டிருந்தவளையும் நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் பிழைப்பில் நான் ஒரு காகிதத்தால் மண்ணைப் போட்டிருக்கிறேன்.

கடைக்குத் திரும்பி, அதைக் கழற்றுங்கள், அது தப்பு என்றேன். கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கில் தப்பில்லையே, நிமிடமெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, அதோடு லேமினேட் வேறு பண்ணியாயிற்று என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான். ஒரு நொடிகூடத் தப்பில்லை. பத்தியின் தலைப்புதான் தப்பு. மேஜையிலிருந்த மார்க்கரை எடுத்து 'சும்மா' என்பதை அடித்தேன். பிளாஸ்டிக்கின் மேல் மை நிற்காமல் வழிந்தது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி என் கையாலேயே எழுதினேன். ஐம்பத்திரண்டு நிமிடமும் அவர் வேலை பார்த்தார், அது புரியாமல் புகார் கொடுத்தது என் முட்டாள்தனம், அவர் செய்தபடியே எல்லோரும் செய்ய வேண்டும். மீஞ்சூர் அம்மா பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தார்.

"பெருசா எழுது நைனா. தூரத்துல இருந்து தெரியல."

பெரிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, அட்டவணைக்கு மேலேயே ஒட்டினேன். கடைக்காரர் அப்போதும் தயங்கினார். நின்றிருந்தவர்கள் விடவில்லை. உட்கார்ந்து பார்க்கிற அந்த ஆளைத்தான் எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னதும் குடோனில் இருந்து அவரை வரவழைத்தார். போனில் புகார் சொன்னவர்களையும் சேர்த்து வரிசை எழுதினார்கள். கெடுத்தவன் கடைசியில் நிற்கட்டும் என்று தீர்ப்பாகி, எனக்குப் பதினோராவது இடம் கிடைத்தது.

பதினோராவது இடம் என்றால் நான்கு நாள். மனைவி ஈரப்போர்வையைப் போர்த்திக்கொண்டு, இந்த நாலு நாளை எந்தப் பத்தியில எழுதுவீங்க என்று கேட்டாள். நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் தெளித்தேன்.

அவர் வந்தார். அந்த இணைப்பைக் கழற்றிக் காட்டினார். செம்புக் குழாயின் முனையில் மெல்லிய கீறல், கேஸ் கசிந்து போனது அதன் வழியாகத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதை வெட்டி, புதிதாக முனை விரித்து, இறுக்கி, பம்ப்பை ஓட்டி நிறுத்தினார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"நீங்களே பாருங்க சார்."

வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊசியைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் கண் எரிந்தது. ஏறுகிற மாதிரியும் இருந்தது, ஏறாத மாதிரியும் இருந்தது. முட்டி வலித்தது, கழுத்து வலித்தது, திரும்பினால் அந்த நொடியில் ஏறிவிடுமோ என்று பயமாக இருந்தது. தேநீர் கொண்டுவந்த மனைவி, என்ன சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றாள். வேலை பார்க்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். முப்பது நிமிடம் பார்த்தும் ஊசி அசையவில்லை. அதன் பிறகுதான் வால்வைத் திறந்து கேஸை ஏற்றினார். இரண்டு கோடை கடந்தும் அந்த ஏசி குளிர்கிறது, அவரும் அதே கடையில் ஏசி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

நானும் அதே வேலையில்தான் இருக்கிறேன். இப்போது ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அட்டையில் எழுதுவதற்கு முன்னால் பக்கத்தில் போய் நின்று, அவர் எதைப் பார்க்கிறாரோ அதை நானும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். பாதிப் பேர் உண்மையிலேயே சும்மாதான் நிற்கிறார்கள். மீதிப் பாதியையும் பதினெட்டு வருடமாகச் சும்மா என்று எழுதித் தள்ளியவன் நான் என்று நினைக்கும்போது, வீட்டில் அந்தக் குளிர்ந்த அறையிலும் எனக்கு வியர்த்துவிடுகிறது.