விலைபோன மஞ்சள் கறை

லண்டனில் வெயில் என்று சொல்லத்தக்க ஒன்று வருடத்தில் பத்துப் பதினைந்து நாட்கள் அடிக்கும். போன ஆகஸ்டில் அப்படி ஒரு நாள். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்துக்கு எதிரில் ஒரு பெரிய துணிக்கடை. அதன் கண்ணாடிக்குள் இரண்டு ஆண்கள் ஒரு பொம்மைப் பெண்ணின் உடையை, தெருவே பார்க்க, பட்டப்பகலில் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது அவளுக்குக் கனத்த கம்பளிக் கோட்டு மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம், "பாவம், இந்த வெயிலில் வெந்துவிடுவாள்" என்றேன். நான் பொம்மையைச் சொன்னேன். அந்த அம்மாள் தன்னைச் சொல்வதாக நினைத்து, தான் நலமாகவே இருப்பதாகவும், என் அக்கறைக்கு நன்றி என்றும் சொல்லிவிட்டு, பஸ் வரும்வரை என்னிடமிருந்து நான்கு அடி தள்ளியே நின்றாள்.

அந்தக் கடையின் மேல்மாடியில்தான் என் மகள் மாலதிக்கு வேலை. எந்தத் துணியை வாங்கி விற்கலாம் என்று முடிவு செய்யும் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். வாரத்தில் இரண்டு மாலை மார்க்கெட்டிங் வகுப்பு. அன்று சாப்பிடும்போது பொம்மையின் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "சீசன் வர்றதுக்கு முன்னாடியே சீசனை வித்துடணும்மா. குளிர் வந்தப்புறம் வாங்குறவங்க குளிருக்காக வாங்குவாங்க. இப்ப வாங்குறவங்க ஆசைக்காக வாங்குவாங்க. ஆசைக்குத்தான் விலை ஜாஸ்தி." பிறகு சரக்கு, விலை, இடம், விளம்பரம் என்று விற்பனைக்கு வேண்டிய நான்கையும் விரல்விட்டுச் சொன்னாள். வாங்க வருகிறவர்களை வயது, வசதி, வசிக்கும் இடம் பார்த்துக் கூறுகூறாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு கூறுக்கும் தனிச் சரக்கு காட்ட வேண்டும் என்றாள். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்க்கும் என் கணவர், அதையே தான் எட்டு மணி நேரம் செய்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லித் தூங்கப் போய்விட்டார்.

எனக்குக் காஞ்சிபுரத்தில் என் தம்பி துரையின் பட்டுக்கடை நினைவுக்கு வந்தது. உள்ளே வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட வேண்டும். அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் குப்புசாமிக்கு ஒரே வேலை, செருப்பைப் பார்த்து இருமுவது. பளபளக்கும் பூட்ஸ் என்றால் ஒரு இருமல்: மெட்ராஸ் வக்கீல், புது நிறங்களை எடு. தேய்ந்தாலும் ஒழுங்காகத் தைத்துப் போட்ட தோல் செருப்பு என்றால் இரண்டு: சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார் வீடு, ஒன்பது கஜத்தை எடு, பேச நேரம் ஒதுக்கு. களிமண் ஒட்டிய செருப்புகள் பதினான்கு ஜோடி வரிசையாக வந்தால் மூன்று: முசரவாக்கத்துக் கல்யாணக் கோஷ்டி, அறுவடை முடிந்திருக்கிறது, வாங்காமல் போகமாட்டார்கள், சோடா வரவழை. கோயிலிலிருந்து வெறுங்காலோடு யாராவது வந்துவிட்டால் மட்டும் குப்புசாமி குழம்பிப்போய்த் தண்ணீர் குடிப்பார். இதைச் சொன்னபோது மாலதி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அதேதாம்மா. ஆனா இங்க அதுக்கு டிப்ளமா குடுக்குறாங்க."

அந்த இருமலிலிருந்துதான் அவளுக்கு யோசனை பிறந்திருக்க வேண்டும். வசந்த காலத்துக்காகப் பட்டில் ஸ்கார்ஃப் என்ற கழுத்துத் துணிகள் நெய்து வரவழைக்கலாம் என்று தன் மேலதிகாரி ஹார்ட்லியிடம் சொன்னாள். வெளிர் நிறத்தில் பன்னிரண்டு மாதிரி கொண்டுவா என்றார் அவர். பிடித்துப்போனால் உதவி வாங்குநர் பதவி. பிடிக்காவிட்டால் பயிற்சி முடிந்தது, கீழ்த்தளத்தில் பெட்டி கட்டும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவள் ஏற்கெனவே இரண்டு வருடம் இருந்தவள். அட்டைப் பெட்டியின் விளிம்பு கிழித்த கைகளோடு அவள் வீட்டுக்கு வந்த நாட்கள் எனக்கு மறக்கவில்லை. துரைக்குக் கடிதம் போனது. அக்டோபரில் பார்சல் வந்தது. பாலேட்டு நிறம், தாமரை நிறம், இளம் பச்சை. மாலதி ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டு, மெல்லிய காகிதம் வைத்து மடித்து, மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான் செய்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் புதுத்துணி மூலையில் மஞ்சள் வைக்காமல் உடம்பில் ஏறியதில்லை. பள்ளிச் சீருடையானாலும் அப்படித்தான். பன்னிரண்டு புதுத்துணிகள் வாசல் தாண்டப் போகின்றன. அவற்றைக் கட்டப்போகிறவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது, அவர்களுக்காக யார் வைப்பார்கள் என்று தோன்றியது. அதைவிட, மகளின் வேலை அந்த மேசைமேல் மடித்துக் கிடந்தது. மஞ்சள்தூளை இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, பன்னிரண்டுக்கும் ஒரு மூலையில் விரலால் இழுத்தேன். காய்ந்ததும் மடிப்பு மாறாமல் காகிதத்தோடு திரும்ப வைத்தேன். பதினான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். பட்டில் பட்ட மஞ்சள் என்ன ஆகும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அன்று மாலை மாலதி கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"நீ வச்சியா?"

"என்னத்தைடி?"

"எட்டுப் பேர் எதிர்ல பிரிச்சேம்மா. ஒண்ணுல இருக்குதேன்னு அடுத்ததை எடுத்தேன். அதுலயும். பன்னெண்டுலயும்! அந்த ஹார்ட்லி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கினு மூலை மூலையா பாக்குறாரு. எனக்கு அப்படியே செத்துப்போயிடலாம்னு இருந்துது."

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"கையால செஞ்சதுன்னா எங்க ஊர்ல இந்த அடையாளம் இல்லாம வெளிய போகாதுன்னு சொன்னேன். எப்படி வாயில வந்துதுன்னே தெரியல. நல்லது நடக்கணும்னு வீட்டுல பெரியவங்க கையால வைக்கிறதுன்னேன். கண்ணாடியைக் கழட்டி மடிச்சாரு. அப்புறம், இதைத்தான் நாம விக்கப்போறோம்ங்குறாரு."

துணியைப் பற்றி அவர் கேட்கவே இல்லையாம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு மார்க்கெட்டிங் பாடமாகவே நடத்தலாம். கறை எல்லாத் துணியிலும் ஒரே அளவில், ஒரே மூலையில் இருக்க வேண்டும் என்றார்கள். என் விரல் அப்படி இழுக்காது. கறை வெள்ளைச் சட்டையில் ஒட்டக் கூடாது, துவைத்தால் போகக் கூடாது என்றார்கள். மஞ்சள் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே அச்சடிக்க முடிவாயிற்று. அச்சடிப்பதென்றால் பட்டு எதற்கு, பாலியெஸ்டர் போதுமே என்று ஒருவர் சொன்னார். அதுவும் முடிவாயிற்று. ஒரு ஓவியர் என் விரல் இழுப்பைப் பெரிதாக்கி வரைந்து, இது அவ்வளவு இயல்பாக இல்லை என்று திருத்தினாராம். மாலதி இதையெல்லாம் சொன்னபோது சிரிக்கவில்லை. அந்த அக்டோபரிலிருந்து கடைத் துணி எதையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. நானும் மஞ்சள் டப்பாவைக் கண்ணில் படாதபடி மேல் தட்டுக்கு மாற்றினேன். சாம்பாருக்குத் தூள் போடும்போதுகூட, வேறு எங்கேயாவது சிந்திவிட்டேனா என்று சுற்றும்முற்றும் பார்த்துக்கொள்வேன்.

தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். செவிலிமேட்டில் சித்தி வீட்டில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துத் துரையின் கடைக்குப் போனேன். லண்டனில் வாங்கிய என் மூடிய செருப்பைப் பார்த்துக் குப்புசாமி எப்படி இருமுவது என்று தெரியாமல் முழித்தார். துரை அடுத்த ஆர்டர் வரும் என்று ஐயம்பேட்டையில் இரண்டு தறிகளில் பாவு நூல் ஏற்றி வைத்திருந்தான். அவனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியவள் நான்.

"இன்னாக்கா சொல்ற? துணிய உட்டுட்டு கறைய மட்டும் வாங்கிக்கினானா?"

"ஆமாம்ப்பா."

"மஞ்சளாவது நம்ம கிட்ட வாங்குவானா?"

"அதுவும் அச்சு மையாம்."

துரை வாசல் பக்கம் திரும்பினான். "குப்புசாமி, கேட்டியா? கறைய தனியா விக்கிறானாம் வெள்ளக்காரன். நாம இத்தினி வருசமா கறை இருந்தா விலைய கொறைச்சிக்கினு இருந்தோம்." இருவரும் சிரித்தார்கள். அப்புறம் துரை சிரிப்பை நிறுத்தி, "புள்ளைக்கு வேலை நிலைச்சிச்சா?" என்று கேட்டான். நிலைத்தது என்றேன். "அப்ப சரி. பாவு நூல பொடவைக்கு மாத்திக்கலாம். நீ ஒண்ணும் கவலப்படாத, சோடா குடி" என்றான். முசரவாக்கத்துக் கோஷ்டிக்கு வாங்கும் அதே சோடா. நான் இப்போது எந்தக் கூறில் சேர்த்தி என்று அதைக் குடித்துக்கொண்டே யோசித்தேன்.

நான் லண்டன் திரும்பியபோது, வசந்தம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, வழக்கப்படி, கண்ணாடிக்குள் இருந்த பொம்மை கழுத்தில் துணி கட்டி நின்றது. அதன் மூலையில் மஞ்சள் இழுப்பு. பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் மூன்று பேருக்கு ஒருத்தி கழுத்தில் என் விரல். ஒரு நாள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அதைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அதிர்ஷ்டம் தரும், இந்தியாவிலிருந்து வருகிறது, உங்கள் நாட்டுப் பெண்களுக்கும் பிடிக்கும், நீங்களும் ஒன்று வாங்கிப் பாருங்கள் என்றாள். விளம்பரம் என்னையும் வந்து சேர்ந்துவிட்டது.

போன வாரம் மாலதி உதவி வாங்குநராகப் பொறுப்பேற்றாள். முதல் நாளுக்காகப் புதுக் கோட்டு வாங்கியிருந்தாள். கழுத்தில் கடையின் அச்சடித்த துணி. பிரிவில் எல்லோரும் கட்ட வேண்டுமாம். நான் மேல் தட்டைப் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போய்வருகிறேன் என்று சொன்னவள் கதவருகே நின்றாள். போகவில்லை. திரும்பி வந்து, கோட்டின் பொத்தான்களை அவிழ்த்து, உள்பக்கத்து மூலையை என் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"சீக்கிரம்மா. பஸ் போயிடும்."

என் கை ஈரமாக இருந்தது. டப்பாவை இறக்கினேன்.

"உள்ள தள்ளி வை. யாரு கண்லயும் படக் கூடாது."

வைத்தேன். அவள் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். கழுத்தில் ஊரெல்லாம் பார்க்க ஒரு மஞ்சள் காற்றில் பறந்தது. இன்னொன்று இன்னும் காயாமல் கோட்டுக்குள் ஈரமாக இருந்தது. பஸ் வந்தது. அவள் ஏறும்போது அடிப்பக்க மடிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், உள்ளே இருப்பது எதிலும் ஒட்டிவிடாதபடி.