சுவீடன்காரருக்கு ஓர் அர்ச்சனை

ஆடி மாத வெயிலில் மொன்றியலின் வில்லரே பகுதி முழுக்கக் கையில்லாச் சட்டையோடு திரியும்போது நான் கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்படுவேன். எனக்கு ஏதோ தொற்றுகிற வருத்தம் என்று நினைத்து பஸ்ஸில் விலகி இருந்தவர்களும் உண்டு. வருத்தம் ஒன்றுமில்லை. ஐஸ் ஹொக்கிக்காரர் பயிற்சி எடுக்கிற மண்டபத்தில் உடுப்புத் தோய்க்கிற வேலை எனக்கு. வெளியே எந்த மாதமானாலும் உள்ளே குளிர்தான்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களைப் போலவே எனக்கும் ஹொக்கியின் சட்டதிட்டம் தெரியாது. ஆனால் எரிக் என்ற சுவீடன்காரரின் பதினைந்து வருசத்தை அழுக்கு உடுப்பில் வாசித்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த அதே பனிக்காலத்தில்தான் அவரும் பதினெட்டு வயதில் வந்து இறங்கினார். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு வராது. தலையை ஆட்டிச் சிரித்துக்கொள்வோம். முதல் வருசம் அவருடைய சட்டைக் கழுத்தில் ரத்தம். பிறகு இரண்டு பனிக்காலம் அவருடைய சட்டை இலக்கம் அழுக்குக் கூடைக்குள் வரவேயில்லை. வேறு ஊரில் சின்ன அணிக்கு அனுப்பிவிட்டார்களாம். திரும்பி வந்தபோது காற்சட்டை இரண்டு அளவு பெரிது. கடைசியில் முழங்கால் பட்டி ஒன்று வந்தது, அடுத்த வருசம் மற்றக் காலுக்கும். மற்றவர்கள் காலுறையைச் சுருட்டி எறிவார்கள். அவர் மட்டும் நல்ல பக்கம் திருப்பிச் சோடியாகப் போடுவார். பேர்போன ஒரு மனுசன் தோய்க்கிறவளின் கையை நினைக்கிறார். எனக்கு அது போதும்.

போன புரட்டாதியில், அணியில் யார் இருப்பது, யார் போவது என்று பட்டியல் போடுகிற கிழமை. "அவர் முடிந்துபோனார், சுவீடனுக்கே போகட்டும்" என்று வானொலியில் ஒருவர் சொன்னார். எனக்கு உடம்பு கொதித்தது. சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கியில் வீட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள், போனோம். இங்கே பஸ்ஸில் ஒருவர் உன் நாட்டுக்குப் போ என்றபோது நான் இருந்த இடத்தைவிட்டு எழும்பக்கூட இல்லை. அந்தச் சொல்லை யாருக்குச் சொன்னாலும் எனக்குச் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை முருகனுக்கு எரிக்கின் பெயரில் அர்ச்சனை செய்விப்பது என்று முடிவெடுத்தேன். அர்ச்சனைக்குப் பெயரோடு நட்சத்திரமும் வேண்டும். நட்சத்திரம் பார்க்கப் பிறந்த நேரம் வேண்டும். பிறந்த திகதி, நேரம், ஊர் என்ன என்று மகளைக் கொண்டு ஒரு கடதாசித் துண்டில் பிரெஞ்சில் எழுதுவித்து, தோய்த்து மடித்த எரிக்கின் துவாய்க்கு மேலே வைத்தேன்.

அதை முதலில் கண்டவர் எங்கள் மேற்பார்வையாளர் லூக். விளையாட்டுக்காரரின் சொந்த விபரங்களை வெளியே கொடுக்க மாட்டோம் என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், பந்தயம் கட்டுகிறவர்களுக்குப் பயந்து. துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதை யார் கேட்கச் சொன்னது?"

"ஒருவரும் இல்லை. கோயிலுக்கு."

"கோயிலுக்கு எதற்குப் பிறந்த நேரம்? உங்கள் கடவுளுக்குத் தெரியாதா?"

"கடவுளுக்குத் தெரியும். ஐயருக்குத் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. கிழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்றார். ஆனாலும் சொன்னேன்: "கிழிக்க மாட்டேன், மிசியே. உங்களுடைய அம்மா உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்தினால் யாரிடம் கையெழுத்து வாங்குவா?"

அந்த நேரம் பார்த்து எரிக் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். துண்டை வாங்கி வாசித்தார். உங்களுக்காகக் கோயிலில் கும்பிட என்றேன். அந்த இடத்திலேயே தாயாருக்குப் போன் எடுத்துத் தங்கள் பாசையில் கதைத்தார்.

"விடிய நாலு இருபது, மதாம். யாருக்கு வேண்டும் என்று அம்மா கேட்டா. என் உடுப்பைத் தோய்க்கிறவர் எனக்காகக் கும்பிடப் போகிறார் என்றேன். அழுகிறா."

லூக் வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற, எங்கள் கட்டிடத்துப் பெண் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னக்கா, சுவீடன்காரனையும் சனி பிடிச்சிட்டுதோ?"

"சனிக்கு பாஸ்போட் தேவையில்லைப் பிள்ளை."

ஐயர் போனில் தட்டிப் பார்த்து ரேவதி என்றார். எரிக், ரேவதி நட்சத்திரம். வெள்ளைக்காரப் பெயரும் மந்திரத்துக்குள் நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பையோடு நான் தோய்க்கிற அறையின் கதவடியில் வந்து நின்று, "மதாம், உங்கள் கடவுள் கேட்கவில்லையா?" என்றார்.

"கேட்டவர். பட்டியல் போட்டது அவரில்லை."

எரிக் வாய்விட்டுச் சிரித்தார். "நானும் விடமாட்டேன். எங்கேயாவது ஓர் அணி இருக்கும். முழங்கால் என்னுடையது, வானொலிக்காரருடையது இல்லை." என் கையைப் பிடித்து மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளியும் எங்கள் வீட்டுப் பெயர்களோடு அவர் பெயரையும் கொடுத்தேன்.

"அந்தாள் போயிட்டாராமெல்லோ அம்மா. இன்னும் என்னத்துக்கு?" என்றார் ஐயர்.

"போனவைக்குத்தான் கூடுதலா வேணும் ஐயா."

"சரி. சங்கற்பத்திலை ஊரும் சொல்லவேணும். ஆள் இப்ப எங்கை?"

எனக்குத் தெரியவில்லை. தாயாரின் வீடோ, ஏதோ ஒரு விமான நிலையமோ. எனக்கே ஐயர் மொன்றியல் என்று சொல்லும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று நான் பிறந்த கொடிகாமம் என்று திருத்தும். எந்த ஊர் சொன்னாலும் எங்கள் இரண்டு பேரிலும் பாதி வெளியேதான் நிற்கும்.

"எனக்குச் சொல்லுற ஊரையே அவருக்கும் சொல்லுங்கோ ஐயா" என்றேன்.

ஐயர் இரண்டு பெயரையும் ஒரே ஊரில் வைத்து, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.