தேங்கும் நேரம்

மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதம் என் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது. பேனாவால் இழுத்த ஒரு வாய்க்கால். தலைமடையில் டொரொண்டோ, நடு மதகில் துபாய், அடுத்த மதகில் திருச்சி, கடைமடையில் மன்னார்குடிக் கல்யாண மண்டபம். வரைந்தவர் என் தாய்மாமா. ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர். அன்றுவரை எந்த விமானத்திலும் ஏறாதவர்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான ஆவணி அது. அப்பா இல்லை. அண்ணன் கையால் பொரி வாங்கித்தான் ஓமத்தில் இடுவேன், இல்லையென்றால் மணவறைக்கே வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். டொரொண்டோவில் வேலை பார்த்த அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு முன்னால் கிளம்ப வழியில்லை. "பறக்குறது மொத்தம் பதினேழு மணி நேரம்" என்று போனில் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்ட சித்தப்பா, ராத்திரி பத்துக்கு ஏறினால் சனிக்கிழமை மத்தியானம் மூன்றுக்குத் திருச்சி என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லி, ஞாயிறு காலை ஆறு மணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை எழுதிவிட்டார். அவர் அச்சகத்துக்குக் கிளம்பும்போதுதான் மாமா வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"மச்சான், நடுவுல எவ்வளவு நேரம் தேங்கும்?"

"ஏரோப்ளேனுக்கும் மதகு ஷட்டர் போடுறீங்களா?" சித்தப்பா சிரித்தார்.

"ஓடுற தூரத்த யாரும் சொல்லிடலாம். எங்க தேங்கும்னு சொல்றவன்தான் லஸ்கர். துபாய்ல அஞ்சு மணி நேரம் கிடக்கணும்னு பையன் எங்கிட்ட சொன்னான். அது போகட்டும். நமக்கு விளக்கு வைக்கிற நேரத்துல அவன் அங்க பல்லு விளக்குறான். அந்த ஒம்பதரை மணி நேரத்த எந்த வாய்க்கால்ல விட்டீங்க?"

பத்திரிகை எழுதிய தாளின் பின்பக்கத்திலேயே மாமா வாய்க்காலை இழுத்தார். மதகுக்கு மதகு கூட்டிக்கொண்டே வந்தார். ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்குத் திருச்சி. பெட்டி எடுத்து, கார் பிடித்து, ஒன்பதுக்கு மேல் மண்டபம். "பத்தரை முகூர்த்தத்த எழுதுங்க. கடைமடைக்காரன் அவசரப்பட்டா நாத்துதான் காயும்." சித்தப்பா ஆறை அடித்துப் பத்தரை எழுதினார்.

கல்யாணத்தன்று ஒன்பதே முக்காலுக்கு, ஷூவைக் கையில் பிடித்தபடி அண்ணன் மண்டபத்துக்குள் ஓடிவந்தான். வாசலில் நின்ற மாமா வாட்சைப் பார்த்து, "கார்க்காரன் டீ குடிச்சிருக்கான்" என்றார், அவ்வளவுதான். பொரி என் கையில் விழுந்தபோது அண்ணனின் விரல்கள் கைகால் கழுவிய ஈரத்தில் இன்னும் ஜில்லென்றிருந்தன.

இப்போது நான் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், அதே வாய்க்காலில் எதிர்நீச்சலாக. திருச்சியிலிருந்து வந்த விமானத்தின் திரை, போன தூரத்தையும் மிச்சத் தூரத்தையும் கிலோமீட்டர் பிசகாமல் காட்டிக்கொண்டே வந்தது. இறங்கி ஒரு நாற்காலி தேடி உட்கார்ந்து காகிதத்தை விரித்தேன். போன் அடித்தது. ஊரிலிருந்து மாமா, ஓய்வுபெற்றும் ஓயாத குரல்.

"இந்நேரம் நீ துபாய்ல தேங்கிக் கிடப்பே. சாப்பிட்டியா?"