தீவில் பதினேழு பேர்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் முதலில் என் கண்ணில் பட்டது சித்தப்பாவின் தகரப் பெட்டி. பச்சை வண்ணம், இரண்டு பூட்டு, மேலே ஒரு சுற்றுக் கயிறு. ராமேஸ்வரத்தில் ஒரே ஒரு பகல் இருந்துவிட்டுத் திரும்பப் போகிறோம். மற்றவர்கள் கையில் துணிப் பையும் கட்டுச்சோற்று மூட்டையும்தான் இருந்தன.

"ஏலே, ஒரு நாளைக்கு எதுக்குலே இம்புட்டுப் பெரிய பொட்டி?" என்று அப்பா கேட்டார்.

"உப்புக் காத்துண்ணே. ஒரு வேட்டி அரை மணி நேரந்தான் தாங்குமாம்."

அப்பா அதை ஏற்றுக்கொண்டார். கடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கம் கரிசல் காடு. கண்ணுக்கு எட்டிய தூரம் பருத்தியும் மிளகாயும். தண்ணீர் அதிகமாக இருக்கிற இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது யாருக்கும் பிடிபடாத விஷயம்.

அது யுத்தம் முடிந்ததற்கு மறு வருஷம். எனக்கு எட்டு வயது. எங்கள் வீடு, பெரியப்பா வீடு, மேலநீலிதநல்லூரில் இருந்த அத்தை வீடு என்று மூன்று வீட்டு ஆட்கள் சேர்ந்து பதினேழு பேர் புறப்பட்டோம். ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். பெண், அத்தையின் மகள். அக்கா மகளைத் தம்பிக்குக் கொடுப்பது எங்களில் முறை. அவள் பிறந்த அன்றே அது முடிவாகிவிட்டதாம். எனக்கு அவள் மதினி. ஆவணிக்குப் பிறகு சித்தி என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா இப்போதே பழக்கிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பாவுக்கு இருபத்தாறு வயது, மதினிக்குப் பதினேழு. சித்தப்பாவுக்கு விருப்பமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "அவளைத் தோள்ல தூக்கிச் சுமந்தவன் நான். எப்படிக்கா தாலி கட்ட?" என்று ஒருமுறை அத்தையிடம் கேட்டார்.

"தூக்கிப் பழகினவனாச்சேன்னுதாம்லே குடுக்கேன். இன்னுங் கொஞ்ச காலம் தூக்கு" என்றாள் அத்தை.

மதினியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சித்தப்பா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். மாறாக, கல்யாணத்துக்கு முன் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்க் கடலாடி வரலாம் என்று அவரே சொன்னார். பையனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அத்தை அடுத்த வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னாள்.

அப்பா பருத்தியில் கொட்டை நீக்குகிற ஆலையில் குமாஸ்தா. அங்கே பொதிகளை எண்ணுகிற முறை ஒன்று உண்டு. பொதி சுமக்கிறவர் வாசலைத் தாண்டும்போது உரக்க எண்ணைச் சொல்வார். குமாஸ்தா நிமிர்ந்து பார்க்க மாட்டார். நோட்டில் கோடு போடுவார். இருபது வருஷமாக இதில் ஒரு பொதி தவறியதில்லை. மனிதர்களையும் அப்படியே எண்ணுவது என்று அப்பா முடிவு செய்தார். ஆளுக்கொரு எண். அவர் 'ம்' என்றதும் ஒன்றிலிருந்து வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். சித்தப்பா பதினொன்று, நான் பன்னிரண்டு, மதினி பதிமூன்று.

இந்த ஏற்பாடு முடிவான அன்று சாயங்காலம் சித்தப்பா என்னை மாட்டுத் தொழுவத்துக்குக் கூட்டிப் போனார். தீவு என்பது சும்மா போய்விட்டு வருகிற இடமில்லை என்றார். வெள்ளைக்காரன் தீவுக்குப் போவது ஓய்வெடுக்க. ஓய்வெடுப்பதற்கு முறை இருக்கிறது. நாலாக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார். 'தீவில் செய்ய வேண்டியவை' என்று தலைப்பிட்டு, எனக்குப் புரிகிற பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். கடலை நக்கிப் பார்ப்பது. நண்டு வளையில் விரலை விடாமல் குச்சியை விடுவது. நனைந்த மணலில் கால் புதைய நின்று அலை மூன்று முறை மண்ணை அரிக்கும் வரை நகராமல் இருப்பது. கால் மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு எதையும் நினைக்காமல் உட்கார்ந்திருப்பது. வெள்ளைக்காரர்கள் இதற்காகவே மாதக்கணக்கில் கப்பலில் வருகிறார்களாம். கடைசியாக, சித்தப்பாவின் எண்ணைச் சொல்வது.

"அது ஒரு வெளாட்டு மக்கா. நான் ஒளிஞ்சுக்கிடுவேன். நம்ம ஊர் ஸ்டேசன்ல வந்து எறங்குத வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. நீ எனக்கும் சேத்துக் குரல் குடுக்கணும். ஆம்பளக் குரல்ல."

மூன்று நாள் தொழுவத்தில் பழகினேன். பதினொன்றை அடித்தொண்டையிலும் பன்னிரண்டை என் குரலிலும் சொல்ல வேண்டும். முதல் நாள் மாடு மிரண்டது. இரண்டாம் நாள் அது கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் அம்மா கேட்டுவிட்டு, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று சுக்குக் கஷாயம் கொடுத்தாள். விளையாட்டைப் பற்றி மூச்சுவிடாமல் குடித்தேன்.

மதுரை போய், அங்கே வேறு ரயில் ஏறினோம். மறுநாள் விடிகிற நேரம் வண்டி மண்டபத்தில் நின்றது. பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவு தொடங்குவதற்கு முந்தைய ஊர் அது. விழித்துப் பார்த்தபோது சித்தப்பா பெட்டியோடு கதவருகில் நின்றார். எல்லோரும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துவிட்டு இறங்கினார். வேறு பெட்டியில் ஒளிந்துகொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

பாம்பனில் ரயில் மாற வேண்டும். நடைமேடையில் அப்பா நோட்டைப் பிரித்து 'ம்' என்றார். பத்து வந்ததும் அடித்தொண்டையில் "பதினொண்ணு" என்றேன். பிறகு "பன்னெண்டு". மதினி என் பக்கத்தில்தான் நின்றாள். குனிந்து என்னைப் பார்த்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு "பதிமூணு" என்றாள். அப்பா கோடு போட்டார்.

ராமேஸ்வரத்தில் சித்தப்பாவை யாரும் தேடவில்லை. சாமான்களுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார் என்று பெரியப்பா நினைத்தார். கடலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கோயிலுக்குள் இருபத்திரண்டு கிணறுகளிலும் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றினார்கள். பத்தாவது கிணற்றுக்கு மேல் யார் யாரென்று தெரியாமல் எல்லோரும் ஒரே மாதிரி முடி ஒட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாவது கிணற்றருகே அம்மாதான் லேசாகச் சந்தேகப்பட்டாள்.

"சின்னவனை எங்க காணும்?"

"பொண்ணு குளிக்கிற எடத்துல மாப்பிள்ளைக்கு என்ன சோலி?" என்றாள் அத்தை. "வெக்கப்பட்டு ஒதுங்கி நிக்கான். எந்தம்பி அப்படித்தான்." சொல்லிவிட்டு மதினியை இடித்தாள். மதினி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

கிணறுகள் முடிந்ததும் அப்பா இரண்டாவது முறை எண்ணினார். தண்ணீரில் ஊறிய தொண்டையில் ஆண் குரல் சுலபமாகவே வந்தது. பதினேழு சரியாக இருந்தது. அப்பாவுக்குத் திருப்தி. சத்திரத்தில் ஆண்கள் முதல் பந்தியிலும் பெண்கள் இரண்டாம் பந்தியிலும் சாப்பிட்டோம். சித்தப்பா முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டார் என்று பெண்களும், பிறகு சாப்பிடுவார் என்று ஆண்களும் இருந்தார்கள்.

எனக்கு வேலை நிறைய இருந்தது. கடலை நக்கினேன், கஷாயத்தைவிட மோசம். நண்டு என் குச்சியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காலடி மண்ணை அலை அரித்தபோது மூன்றாவது முறை விழுந்தேன். விழுந்ததைப் பற்றித் தாளில் எதுவும் இல்லாததால் செய்ததாகவே கணக்கில் வைத்துக்கொண்டேன். மாலை நான்கு மணிக்குக் கரையில் உட்கார்ந்து எதையும் நினைக்காமல் இருக்கத் தொடங்கினேன். அதுதான் கடினம். நினைக்கக் கூடாது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கண் இமைக்காமல் கடலைப் பார்த்தபடி இருந்த என்னை அத்தை இரண்டு முறை கூப்பிட்டாள். பதில் சொல்ல அனுமதி இல்லை. கடலில் செத்துப்போன எவளோ என்மேல் ஏறிவிட்டாள் என்று சொல்லி, இடுப்பிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் அப்பினாள். "ஏட்டி, யாரு நீ? எந்த ஊரு?" என்று கேட்டாள். கால் மணி நேரம் ஆகவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை இன்னொரு பிடி திருநீறு எடுத்தாள்.

அந்த நேரத்தில் அப்பா 'ம்' என்றார்.

ஒன்று, இரண்டு என்று எனக்குப் பின்னால் எண்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்பது. பத்து. என் முறை என்பது தெரிந்தது. ஆனால் மூக்கில் திருநீறு ஏறித் தும்மல் வந்துவிட்டது. ஒரு தும்மல், இன்னொரு தும்மல். அப்பா தலை நிமிரப் போகிற நேரம்.

"பதினொண்ணு."

அடித்தொண்டையில், என்னைவிட நன்றாகவே இருந்தது. அப்பா கோடு போட்டார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பன்னிரண்டு சொன்னேன். திரும்பிப் பார்த்தேன். மதினி தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலில் "பதிமூணு" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபமாக வந்தது. விளையாட்டு என்னுடையது. மூன்று நாள் தொழுவத்தில் நின்று பழகியவள் நான்.

சாயங்கால ரயிலுக்கு அப்பா பதினேழு டிக்கெட் எடுத்தார். மறுநாள் காலை மதுரை நிலையத்தின் வாசலில் டிக்கெட் வாங்குகிறவர் எங்களை ஒவ்வொருவராக வெளியே விட்டார்.

"பதினேழு டிக்கெட் குடுத்திருக்கீங்க. பதினாறு பேர்தானே போனீங்க" என்றார்.

"பதினேழு பேரு."

"ஆள் கூடினாத்தான் எனக்குச் சங்கடம். குறைஞ்சா உங்க பாடு. போங்க."

யாராயிருந்தாலும் போயிருப்பார்கள். அப்பாவால் முடியவில்லை. அவர் கணக்கில் பிழை என்று ஒருவர் சொல்லிவிட்டார். "எண்ணிக் காட்டுதேன், பாரும் வே" என்று எங்களை வாசலுக்கு வெளியே வரிசையாக நிறுத்தினார். நோட்டைப் பிரித்துத் தலை குனிந்தார். 'ம்' என்றார். டிக்கெட் வாங்குகிறவரிடம் நோட்டு இல்லை. அவர் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவருக்கு நேராக நின்றேன். விளையாட்டு இன்னும் முடியவில்லை. எங்கள் ஊர் வரவில்லை.

"பதினொண்ணு" என்றேன். "பன்னெண்டு" என்றேன்.

அவர் என் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பாப்பா, நீ பதினொண்ணா, பன்னெண்டா?"

"ரெண்டும்."

அப்பா அப்போதுதான் தலை நிமிர்ந்தார். பதினாறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தம்பியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று முதலில் அலறியது அத்தை. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா ராமேஸ்வரத்துக்குத் திரும்பிப் போகிற ரயில் எப்போது என்று டிக்கெட் வாங்குகிறவரிடம் கேட்டார். நான் பயந்துபோய்ப் பாவாடை மடிப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். நான் செய்ததற்கெல்லாம் கரியால் கோடு போட்டிருந்தேன். அப்பா அதைப் படித்தார். பின்புறம் திருப்பினார். அங்கே பெரியவர்கள் எழுதுகிற கூட்டெழுத்தில் நாலு வரி இருந்தது. உரக்கப் படித்தார்.

"அண்ணனுக்கு. நான் கடலில் விழவில்லை. கடையநல்லூர்ச் சேக்காளியின் கொழும்புக் கடையில் வேலை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். பெட்டியில் ஏழு வேட்டி இருக்கிறது, கவலை வேண்டாம்."

அத்தையின் அழுகை அந்த இடத்திலேயே வசவாக மாறியது. அது ஊர் வரும்வரை நிற்கவில்லை. இடையில் விருதுநகரில் மட்டும் காப்பிக்காக நிறுத்தினாள்.

ஊருக்குப் போகிற ரயிலில் அப்பா முதலில் நோட்டை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தொழில் முறையில், ஒவ்வொரு எண்ணிக்கையாகக் கேட்டார்.

"பாம்பன்ல?"

"நான்தான்."

"கிணத்தடியில?"

"நான்தான்."

"கடக்கரையில? அப்பம் நீ தும்முனியே. என் காதுல விழுந்துச்சே."

எதிர் இருக்கையில் மதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை கம்பியைப் பிடித்திருந்தது. அவளும் சொன்னாள் என்று சொன்னால் வெற்றியில் பாதி அவளுக்குப் போய்விடும்.

"தும்மிக்கிட்டே சொன்னேன். எல்லாமே நான்தான்" என்றேன்.

அப்பா நோட்டை மூடினார். மதினி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். தன் மடியிலிருந்த மிச்சக் கட்டுச்சோற்றை முழுவதும் எனக்குக் கொடுத்தாள். புளிச்சோறு. அதை ஏன் கொடுத்தாள் என்று நான் யோசிக்கவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் வகுப்பில் இலங்கைக்குப் போகிறவர்கள் நோய் இல்லை என்று தெரிகிறவரை மண்டபத்தில் சில நாள் தங்கியாக வேண்டுமாம். எங்கள் ரயில் திரும்பிப் போனபோது சித்தப்பா அங்கே வேலிக்குள் நின்று கையசைத்தாராம். ஜன்னலோரம் நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.

அத்தை இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன பெண்ணைக் கேட்டு உடனே யாரும் வரவில்லை. எட்டாம் வகுப்பு தேறியவள் வீட்டில் சும்மா இருப்பதற்கு, மேலே ஏதாவது படிப்பில் சேர்த்துவிட்டால் என்ன என்று அவள் அப்பா, எங்கள் மாமாதான் சொன்னாராம். அடுத்த ஜூன் மாதம் மதினி பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள்.